திரும்பும் லொறியில் எதை ஏற்றுவது? யாழ்ப்பாணத்துக்கு ஒரு சரக்குக் கொத்தணி

கொழும்பு புறக்கோட்டையில் மாலையில் சரக்கேற்றிப் புறப்படும் லொறி, ஏ-9 வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி விடியப்புறம் யாழ்ப்பாணம் வந்து சேரும். மா, சீனி, பருப்பு, பால்மா, ஆணி, தகரம், வர்ணப்பூச்சு என்று மேல்தட்டு வரைக்கும் நிறைந்திருக்கும். பின்னேரம் அதே லொறி தெற்கே திரும்பும்போது தார்ப்பாய்க்குள் என்ன இருக்கும்? பெப்ரவரி, மார்ச் என்றால் உருளைக்கிழங்கு, பீற்றூட், வாழைக்குலை இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் வெறுந்தட்டுத்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு மூட்டைப் பருப்பின் விலைக்குள் அந்த வெறுந்தட்டின் டீசலும் ஒளிந்திருக்கிறது.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துத் தொன் ஏற்றிய லொறி லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறது, வெறுமையாக 5 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வர 100 லீற்றர், போக 80 லீற்றர். மொத்தம் 180 லீற்றரையும் வந்த பத்துத் தொன்தான் சுமக்க வேண்டும்: தொன்னுக்கு 18 லீற்றர். திரும்பும்போது ஆறு தொன் கிடைத்தால் போகும் செலவு 92 லீற்றர் அளவுக்கு ஏறும். ஆனால் மொத்தம் 192 லீற்றரைப் பதினாறு தொன் பங்குபோட்டுக்கொள்ளும். தொன்னுக்கு 12 லீற்றர். வீதியை ஒரு அடிகூட அகலிக்காமல், புது வாகனம் ஒன்றும் வாங்காமல் எரிபொருள் செலவு மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. சாரதியின் கூலி, ரயர்த் தேய்மானம், லீசிங் கட்டணம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

சரக்குக் கொத்தணி பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும். 'கொத்தணி' என்ற சொல்லை நம்மவர் பலர் கொரோனாக் காலத்துச் செய்திகளில்தான் முதலில் கேட்டார்கள்; அந்த ஞாபகத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இங்கே கொத்தணி என்பது கிட்டங்கி, குளிரறை, லொறித் தரிப்பிடம், சுங்கக் கந்தோர், பொதி கட்டும் இடம், ரயர் ஒட்டும் கடை, சாரதிகள் படுத்தெழும்பும் மடம் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருப்பது. கூடியிருப்பதால் என்ன இலாபம்? பத்து வியாபாரிகள் பத்து இடத்தில் ஆளுக்கு முக்கால் தொன் வைத்திருந்தால் ஒரு லொறியும் அதைத் தேடி அலையாது. அதே ஏழரைத் தொன் ஒரே முற்றத்தில் இருந்தால் மூன்று லொறிகள் விலை பேசிக்கொண்டு நிற்கும். லொறிகள் நின்றால் மேலும் வியாபாரிகள் வருவார்கள். தொடங்கிவிட்டால் தானாக வளரும் வகையான காரியம் இது. தொடங்குவதுதான் கடினம்.

ஸ்பெயினின் சரகோசா நகரத்துக்குக் கடலே இல்லை. ஆனால் மட்ரிட், பார்சலோனா, வலென்சியா, பில்பாவோ நான்கும் அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்குள் அடங்கும். அதைக் கணக்கில் வைத்து அரகோன் மாகாண அரசு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1,200 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் பிளாசா என்ற கொத்தணியை அமைத்தது. ஒரு பெரிய ஆடை நிறுவனம் தன் விநியோக மையத்தை அங்கே வைத்தது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே மப்பேட்டில் 184 ஏக்கரில் திட்டமிடப்பட்ட பல்வகைப் போக்குவரத்துப் பூங்காவும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். இவற்றின் வரைபடத்தைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் மேல் வைத்து அமுக்கினால் பொருந்தாது. நமக்குப் பக்கத்துப் பாடம் தம்புள்ளை. ஏ-6 வீதியும் ஏ-9 வீதியும் சந்திக்கும் இடத்தில் 1999 இல் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அந்தச் சந்தியில் மரக்கறி வியாபாரம் இருந்தது. கட்டடம் பிறகுதான் வந்தது. இன்று யாழ்ப்பாணத்து மரக்கறி தம்புள்ளைக்குப் போய் விலைபட்டு, அங்கிருந்து வேறு ஊர்களுக்குப் பிரிகிறது.

சாவகச்சேரிக்கு அருகே மட்டுவிலில் வரிசை தலைகீழாக நடந்தது. 2022 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் நீண்டகாலம் வியாபாரம் இல்லாமலே கிடந்தது. கட்டடத்தில் பிழை தேடிப் பயனில்லை. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகளில் வியாபாரிக்குக் கடனும் வாடிக்கையும் அறிமுகமும் இருக்கின்றன. அவரை அங்கிருந்து பெயர்த்தெடுக்க ஒரு கடையறைச் சாவி போதாது. தனியாகப் போகிற முதல் ஆளுக்கு நட்டம் நிச்சயம். அதனால் எல்லாரும் மற்றவர் போகட்டும் என்று காத்திருப்பார்கள்.

பழைய காலத்து யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரைகளில் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. தோணிகள் புகையிலையை ஏற்றித் திருவிதாங்கூருக்கும் பனைமரத்தைச் சோழமண்டலக் கரைக்கும் கொண்டுபோயின. திரும்பும்போது அரிசியும் துணியும் வந்தன. இரு வழியும் பாரம் இருந்தபடியால்தான் அந்தத் துறைகள் துறைகளாக இருந்தன.

இன்றைக்கு எங்கே தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலானோர் காங்கேசன்துறைத் துறைமுகத்தைக் காட்டுவார்கள். எம் கருத்து வேறு. முதலில் வேண்டியது பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு லொறியை அனுப்பிவிடுகிற ஒரு சேகரிப்பு முற்றம்.

அங்கே நடக்க வேண்டிய வேலை இதுதான். தோட்டத்தில் காலையில் பிடுங்கியது நண்பகலுக்குப் பிறகு லாண்ட்மாஸ்டரிலும் சிறிய பட்டா வாகனத்திலும் வந்து சேரும். வாசலில் இலத்திரனியல் தராசு, அச்சடித்த துண்டு. விவசாயி கொண்டுவரும் எடையில் பத்து வீதத்தைக் கழித்துக்கொண்டு காசு கொடுப்பது வடக்குச் சந்தைகளில் நெடுங்கால முறைப்பாடு; அந்தப் பத்து வீதக் கழிவு இந்த வாசலிலேயே ஒழிய வேண்டும். ஒழியாவிட்டால் விவசாயி வரமாட்டார். பிறகு தரம் பிரித்தல்: ஊறுபட்டது, முளைவிட்டது, வெட்டுப்பட்டது தனியாக. பிறகு கூடை. அதன் பிறகு 1.2 க்கு 1 மீற்றர் மரத்தட்டில் அடுக்கி, பெல்ற் போட்டு, சேருமிடத்தின் பெயரை ஒட்டி, வரிசையில் நிறுத்த வேண்டும். கடைசியில் இறங்குவது முதலில் ஏறும். இந்த ஒரு ஒழுங்கு தவறினால் குருநாகலில் இறக்க வேண்டிய தட்டுக்காக கொழும்புச் சரக்கு முழுவதையும் நடுவீதியில் இறக்கி ஏற்ற நேரிடும்.

கூடை பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மரக்கறியும் பழமும் தோட்டத்திலிருந்து கடைக்குப் போவதற்குள் நாட்டில் 30 முதல் 40 வீதம் பழுதாகிறது என்று பொதுவாகச் சொல்லப்படும். சாக்கில் அமுக்கி ஏற்றுவது அதற்கு ஒரு பெரிய காரணம். பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்க 2010-11 காலத்தில் அரசு முயன்றது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், நடைமுறை நிலைக்கவில்லை. எதிர்த்ததை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கூடையில் ஏற்றினால் அதே லொறியில் குறைந்த எடைதான் பிடிக்கும். வெறுங்கூடை திரும்பி வருவதற்கு யாரும் காசு தருவதில்லை. கொழும்பில் இறக்கிய கூடை அடுத்த நாள் யாருடையது என்றே தெரியாது. கொத்தணி ஒன்று இருந்தால் இந்த மூன்றுக்கும் வழி உண்டு. கூடைகள் நிலையத்தின் சொத்து. எடுப்பவர் முற்பணம் கட்டி எடுப்பார். ஒன்றுக்குள் ஒன்று அமரும் வகைக் கூடை என்றால் வெறுமையாகத் திரும்பும்போது மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். வடக்கே வரும் லொறியில் பால்மாப் பெட்டிக்கு மேலே அவை ஏறிவிடும். தனி வியாபாரியால் முடியாதது இருபது பேர் சேர்ந்தால் முடிகிறது.

அடுத்தது குளிரறை. வடக்கில் ஒரு திட்டம் என்றவுடன் எல்லாரும் கேட்பது குளிரறைதான். பிறகு அதிகம் பூட்டிக்கிடப்பதும் அதுவே. காரணம் எளிது. எல்லாவற்றுக்கும் ஒரே அறை கட்டிவிடுகிறார்கள். வாழைப்பழத்துக்கு 13 அல்லது 14 பாகை செல்சியஸ் வேண்டும்; அதற்குக் கீழே போனால் தோல் கறுக்கும், பழம் பழுக்காது. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஏறத்தாழ 12, 13 பாகைக்காரர். கரட்டுக்கு பூச்சியத்துக்கு அருகே வேண்டும், ஈரப்பதம் 95 வீதம் வேண்டும். கறி உருளைக்கிழங்குக்கு 7 முதல் 10, விதைக்கிழங்குக்கு 3 அல்லது 4. வெங்காயம் ஈரத்தைக் கண்டாலே முளைவிடும். அதற்கு 65 முதல் 70 வீதத்துக்கு மேல் ஈரப்பதம் ஆகாது. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே அறையில் வைத்தால் கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் கெடும். பழுக்கும் வாழை விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் மரக்கறியை மஞ்சளாக்கும். மீனை எதனோடும் வைக்க முடியாது. அது தனிக் கட்டடம், தனி வடிகால், உறைந்த சரக்கு என்றால் கழித்தல் 18 பாகை.

இன்னொரு தவறு பலருக்குப் பிடிபடுவதில்லை. குளிரறை என்பது குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் இடம். சூடான பொருளைக் குளிர்விக்கும் இயந்திரம் வேறு. மத்தியான வெயிலில் 32 பாகையில் வந்த ஐந்து தொன் கரட்டை நேரே உள்ளே தள்ளினால் அறையின் வெப்பநிலை ஏறும், ஏற்கெனவே இருந்தது வியர்க்கும், குளிரூட்டியின் அமுக்கி இரவு முழுக்க நிற்காமல் ஓடும். மாத முடிவில் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு, அறையை நடத்தும் சங்கம் அதைப் பூட்டிவிடும். கூடைகளுக்கு ஊடாகக் காற்றை இழுத்துச் சில மணி நேரத்தில் சூட்டை இறக்கும் முன்குளிர்ப்பு அறை ஒன்று வாசலிலேயே வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு இத்தனை செலவும் வேண்டாம். தாளோடு பிடி கட்டி, காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிடும் நம்மூர் வழக்கம் விஞ்ஞானத்துக்கு விரோதமில்லை. அந்தக் கொட்டிலை நனையாமலும் எலி ஏறாமலும் பெரிதாகக் கட்டினால் போதும்.

கட்டட அளவுகளில் கோட்டை விட்டால் திருத்த முடியாது. நாற்பதடிக் கொள்கலன் பூட்டிய வாகனம் 16, 17 மீற்றர் நீளம். ஏற்றுமேடைக்கு அது பின்பக்கமாக வந்து நிற்க மேடைக்கு முன்னே 35 மீற்றர் அளவுக்கு வெட்டவெளி வேண்டும். மேடையின் உயரம் 1.2 மீற்றர் அளவில். உள்ளூர் லொறியின் தட்டு அதைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால் ஏறி இறங்கும் பலகையும் வேண்டும். மேடை இல்லாத கிட்டங்கியில் பத்துத் தொன் சீமெந்து என்றால் 50 கிலோப் பை 200, முதுகில்தான் இறங்கும். நாலு பேருக்கு இரண்டு மணி நேரமாவது போகும். தட்டில் வந்தால் ஃபோர்க்லிப்ட் அரை மணிக்குள் முடித்துவிடும். குளிர்கொள்கலன் ஒவ்வொன்றுக்கும் 32 அம்பியர், மூன்று பேஸ் செருகி ஒன்று வேண்டும். மின்மாற்றியை இதற்கேற்ப முதலிலேயே கேட்டு வைக்காமல் பிறகு ஓடித்திரிவது வழமையான கதை.

இவ்வளவுக்கும் குறைந்தது பத்து ஏக்கர் வேண்டும். அதாவது 160 பரப்பு. யாழ்ப்பாணத்தில் 160 பரப்பை ஒரே வேலிக்குள் கொண்டுவருவதென்றால் முப்பது உறுதிகள், அதில் பாதிக்குப் பங்காளிகள் கனடாவிலும் லண்டனிலும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி பங்காளிக்கு முன்னுரிமை கொடுக்காமல் ஒருவர் தன் பங்கைப் பிறத்தியாருக்கு விற்றால் வழக்கு வரும்; 1947 இன் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது அரச நிலம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வளவு, அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, சற்றுத் தெற்கே பரந்தன். முதலீட்டு வலயங்களுக்கு அரசு காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தனைப் பெயர் சொல்லியிருப்பதற்கும் நிலம்தான் பெரிய காரணம். மரக்கறிச் சேகரிப்புக்கு இவற்றில் பரந்தன் தூரம். சாவகச்சேரி, கொடிகாமப் பக்கம் ஏ-9 வீதியும் ரயில் பாதையும் அருகருகே ஓடுவதால் அதுவே பொருத்தம். நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்த மட்டுவில் கட்டடத்தை அப்படி ஒரு முற்றமாக மாற்ற முடியுமா என்பதைப் புதுக் கட்டடம் கேட்பதற்கு முன் பார்க்கலாம்.

எங்கே கட்டினாலும் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே சிந்திய எண்ணெய் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. லொறி கழுவுமிடம், டீசல் தாங்கி, மீன் கழுவும் தளம் மூன்றுக்கும் நீர் புகாத கொங்கிறீற் தளமும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் இல்லாமல் அனுமதி கொடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

சரி, துறைமுகம். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல்மைல். பயணிகள் கப்பல் நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கிய அந்தச் சேவை சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. அவ்வளவு கிட்ட இருந்தும் இந்தியப் பருப்பும் பம்பாய் வெங்காயமும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீற்றர் லொறியில் வடக்கே வருகின்றன. கேட்கச் சினம் வரும். ஆனால் காரணங்கள் இருக்கின்றன.

பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். இராமர் அணையின் மேடுகளைப் பெரிய கப்பல் தாண்ட முடியாது. கொழும்பிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அப்படியான கப்பல் காங்கேசன்துறைக்கு வருவதென்றால் இலங்கையைத் தெற்காலும் கிழக்காலும் சுற்ற வேண்டும். ஆகவே இது நாகபட்டினம், காரைக்கால் போன்ற எதிர்க்கரைத் துறைகளிலிருந்து சிறு கப்பல்கள் வரும் துறையாகத்தான் இருக்க முடியும். அடித்தளம் பாறை என்பதால் ஆழமாக்குவது மணல் வாருவதைப் போல மலிவான வேலையல்ல. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வாடைக் காற்றில் கடல் குழம்பும். அந்த மாதங்களில் நாட்குறிப்புப்படி கப்பல் வரும் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது. அலைதடுப்பைத் திருத்தவும் துறையை மேம்படுத்தவும் 2018 இல் இந்தியா 45.27 மில்லியன் டொலர் கடன் தர ஒப்புக்கொண்டது. பின்னர் அது நன்கொடையாக மாறியது. நல்லது. ஆனால் அலைதடுப்பு கப்பலைக் காக்கும், சரக்கைக் கொண்டுவராது. காரைக்காலிலிருந்து 500 தொன்னோடு வரும் சிறு கப்பலுக்குத் திரும்பிப்போக என்ன கொடுப்பது? லொறிக்குக் கேட்ட அதே கேள்வி. சேகரிப்பு முற்றம் முதலில் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துறை திறந்து இந்தியக் கிழங்கு மலிவாக இறங்கும் மாதமும் யாழ்ப்பாணக் கிழங்கு கிண்டும் மாதமும் ஒன்றாகிவிட்டால் வலிகாமத்து விவசாயிதான் முதலில் அடிபடுவார். இறக்குமதி வரி பருவத்தோடு ஏறி இறங்குவதும், உள்ளூர்க் கிழங்கைச் சில வாரம் வைத்து விற்க இடமிருப்பதும் ஒன்றாக நடந்தாக வேண்டும்.

சுங்கத்தில் வேண்டியது பிணைக் களஞ்சியம். சரக்கு இறங்கியவுடன் வரி முழுவதையும் கட்டாமல், சுங்கத்தின் பூட்டுக்குக் கீழே வைத்து, விற்கிற அளவுக்கு வரி கட்டி எடுக்கலாம். சிறு வியாபாரிக்கு இது முதலைப் பாதுகாக்கும். நடைமுறை இப்படிப் போகும்: கப்பலின் சரக்குப் பட்டியல், அசிகுடா கணினி முறையில் பிரகடனம், பயிர் நோய்த்தடுப்பும் உணவுப் பரிசோதனையும், வரி, திறந்து பார்த்தல், விடுவிப்பு. இதில் ஒரே ஒரு அதிகாரி கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். பரிசோதனை மாதிரியைத் தெற்கே அனுப்பி முடிவுக்காக நாலு நாள் காத்திருந்தால், கடல் கடந்த நாலு மணி நேரத்தால் வந்த ஆதாயம் கிட்டங்கி வாடகையில் கரையும்.

பலாலி விமான நிலையம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வந்துபோவது ஏரிஆர் 72 வகை விமானங்கள். எழுபது பேரின் பொதி போக மிஞ்சும் இடம் கொஞ்சம். உயிர் நண்டு, வெற்றிலை, அவசர உதிரிப்பாகம் என்று சில நூறு கிலோவுக்கு உதவும். ரயில் அதைவிட முக்கியம். 2015 ஜனவரியில் பாதை காங்கேசன்துறை வரை மீண்டது. ஆனால் 400 கிலோமீற்றருக்குள் ரயில் லொறியை வெல்ல வேண்டுமானால் இரு முனையிலும் சரக்குக் கை மாறக் கூடாது. தோட்டத்திலிருந்து லொறி, லொறியிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து மறுபடி லொறி என்றால் கூலியே மிச்சத்தைத் தின்றுவிடும். சீமெந்து, உரம், எரிபொருள், நெல் போன்ற மொத்தச் சரக்குக்கு, கிட்டங்கி வாசலுக்கே பக்கப் பாதை இழுத்தால் மட்டும் அது கட்டுப்படியாகும்.

யார் நடத்துவது? மாகாண சபையின் பல திணைக்களங்கள், மாவட்டச் செயலகம், உள்ளூராட்சி சபை, துறைமுக அதிகாரசபை, சுங்கம் என்று பத்துக் கையெழுத்து வேண்டிய இடத்தில் நாள்தோறும் லொறி அனுப்ப முடியாது. நிலம் அரசுடையதாகவே இருக்கட்டும். முற்றத்தை நடத்தும் நிறுவனம் ஒன்று தனியாக வேண்டும். அதில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு வேண்டும். இது உணர்ச்சிக்காகச் சொல்வதல்ல. வடக்கில் மாதாமாதம் ஒரே அளவில் அரிசியும் மாவும் சீனியும் வாங்கும் பழக்கம் அந்தச் சங்கங்களுக்குத்தான் இருக்கிறது. அவை சேர்ந்து வாங்கினால் வடக்கே வரும் பாரம் நிச்சயமாகும். வரும் லொறி நிச்சயம் என்றால் திரும்பும் லொறியின் கூலியை முன்கூட்டியே பேசி வைக்கலாம். சங்கங்களோடு ஒரு சுப்பர்மார்க்கெட் நிறுவனமும் நாளொன்றுக்கு இவ்வளவு மரக்கறி எடுப்போம் என்று ஆண்டு ஒப்பந்தம் எழுதினால், முற்றத்துக்கு முதலாம் ஆண்டு வாடகை கிடைத்துவிடும். மற்ற வியாபாரிகள் இரண்டாம் ஆண்டில் வருவார்கள்.

மாசிப் பங்குனியில் முற்றம் நிரம்பி வழிவதைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். அந்த மாதத்தில் வீதியோரத்தில் வைத்தாலும் லொறி நிரம்பும். வாசலில் இருக்கும் எழுதுவினைஞர் ஒரு பதிவேடு வைத்து, தெற்கே போகும் ஒவ்வொரு லொறியும் எத்தனை தொன்னோடு போனது என்று நாளாந்தம் எழுதட்டும். ஒக்டோபர் மாதப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும். அந்த மாதத்தில் உலர்ந்த மீன், பனங்கிழங்கு ஒடியல், தும்பு, கொட்டிலில் வைத்த வெங்காயம் எல்லாம் சேர்த்தாவது சராசரி நாலு தொன் வந்திருந்தால் காங்கேசன்துறைக்குக் கப்பல்காரரை அழைத்துப் பேசத் தொடங்கலாம்.